சேவையகம் யாருடைய அகம்?

'செர்வர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு கலைச்சொற்கள் புழங்குகின்றன. ஒன்று வழங்கி, மற்றொன்று சேவையகம். கணினித் துறையில் இருப்பவர்கள் இரண்டையும் பெரிதாக யோசிக்காமல்தான் பயன்படுத்துகிறார்கள். தமிழ் படித்த பெண்ணின் காதில் இரண்டாவது சொல் வேறுவிதமாக விழுகிறது. அகம் என்றால் உள், அகம் என்றால் மனம், அகம் என்றால் வீடு. சேவை என்றால் என்னவென்று பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இரவும் பகலும் விழித்திருந்து, கேட்டவர்க்குக் கேட்டதைக் கேட்ட நேரத்தில் எடுத்துக் கொடுத்து, நின்றுபோனால் மட்டும் கவனிக்கப்படுகிற ஒன்றுக்குச் சேவையகம் என்று பெயர் வைத்தவர்கள் தம்மை அறியாமலே ஒரு குடும்பச் சித்திரத்தை வரைந்துவிட்டார்கள்.

இந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வியை எழுப்பலாம். இணையத்தில் நமக்கென்று நாம் வைத்துக்கொள்பவை பல: கடிதங்கள், படங்கள், எழுதி முடிக்காத கவிதைகள், நாட்குறிப்புகள், தொடர்பு எண்கள். இவை நம் வீட்டுக்குள் நமக்குச் சொந்தமான இயந்திரத்தில் இருப்பது நல்லதா, வெளியே ஒரு நிறுவனத்தின் இயந்திரத்தில் வாடகைக்கு இருப்பது நல்லதா? செலவையும் வேகத்தையும் கணக்கிட்டுத் தீர்க்க வேண்டிய தொழில்நுட்பக் கேள்வியாகவே இது தோன்றும். ஆனால் சில ஆண்டுகள் வீட்டிலேயே எல்லாவற்றையும் நடத்திவிட்டுப் பிறகு வெளியே மாற்றியவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்கிறது. கொள்கையைக் கைவிட்டதைப் போல, காரணங்களை அடுக்குகிறார்கள். குற்றவுணர்ச்சி இருக்கும் இடத்தில் ஓர் அறக்கேள்வியும் இருந்தாக வேண்டும். அந்தக் குற்றவுணர்ச்சி எங்கிருந்து வருகிறது, அதைப் பெண்களாகிய நாமும் சுமக்க வேண்டுமா என்பதுதான் என் யோசனை.

வீட்டில் வைத்துக்கொள்வது இன்று அரிய காரியமல்ல. 2012இல் விற்பனைக்கு வந்த ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி ஏறக்குறைய ஒரு வங்கி அட்டையின் அளவுதான். வீட்டில் பயன்படாமல் கிடக்கும் பழைய மடிக்கணினியும் போதும். அதை மோடத்துக்குப் பக்கத்தில் வைத்து, நெக்ஸ்ட்கிளவுட் போன்ற கட்டற்ற மென்பொருளை நிறுவினால், கோப்புகளும் படங்களும் நாட்காட்டியும் எந்தப் பெருநிறுவனத்தின் கண்ணிலும் படாமல் நம்மிடமே இருக்கும். இந்தப் பழக்கத்துக்கு அரசியல் நியாயம் சொன்னவர்களில் முக்கியமானவர் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் ஈபன் மோக்லன். 2010 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஆற்றிய உரையில், மனிதர்களின் தகவல்கள் சில நிறுவனங்களின் கிடங்குகளில் குவிந்ததே கண்காணிப்புக்கு வழிவிட்டது என்றார். ஒவ்வொருவரும் சுவரில் செருகும் சிறு சேவையகம் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் சொன்ன தீர்வு. அடுத்த ஆண்டு ஃப்ரீடம்பாக்ஸ் அறக்கட்டளை இதற்காகவே தொடங்கப்பட்டது. அவருடைய வாதத்தின் அச்சாணி ஒரு சட்டநுட்பம். நிறுவனத்திடம் இருக்கும் தகவலை அரசு எளிதில் கேட்டு வாங்கிவிடும். வீட்டுக்குள் இருக்கும் பொருளைத் தொட வேண்டுமானால் நீதிமன்ற ஆணையோடு கதவைத் தட்ட வேண்டும்.

நல்ல வாதம்தான். அரசும் நிறுவனமும் மட்டுமே எதிராளிகளாக இருக்கும் மனிதருக்கு அது முழுமையான வாதமும்கூட. அந்த வாதத்தில் வீடு என்பது ஒரே மனம் கொண்ட இடம். கதவுக்கு வெளியேதான் ஆபத்து, உள்ளே பாதுகாப்பு. இப்படி ஒரு வீட்டில் யார் வாழ்கிறார்கள் என்று பெண்ணியம் கேட்கத் தொடங்கி நெடுங்காலமாகிறது.

வீடு அதன் உரிமையாளருக்குக் கோட்டை என்ற கருத்து ஆங்கிலச் சட்டத்தில் 1604ஆம் ஆண்டின் செமேன் வழக்கோடு சேர்த்துப் பேசப்படுவது. கோட்டை என்றால் அதற்கு ஒரு தலைவன் உண்டு. அதே சட்ட மரபு, மணமான பெண்ணின் சட்ட இருப்பைக் கணவனுடைய இருப்புக்குள் கரைத்தும் வைத்திருந்தது. இந்த இரண்டும் ஒரே மரத்தின் கிளைகள் என்பதைக் காட்டியவர்களில் ஒருவர் காத்தரின் மெக்கின்னன். அரசு நுழையாத வெளி என்று வீட்டைக் காப்பது, அந்த வெளிக்குள் ஏற்கெனவே அதிகாரம் வைத்திருப்பவரைக் காப்பதாகவே முடிகிறது என்பது அவருடைய வாதம். நம் நாட்டில் இதற்குத் தொலைவில் போய் உதாரணம் தேட வேண்டாம். மண உறவைச் சேர்ந்து வாழ்ந்து நிறைவேற்றுமாறு நீதிமன்றம் ஆணையிடும் சட்டப்பிரிவு பற்றிய வழக்கில், 1983இல் தில்லி உயர்நீதிமன்றம் குடும்பத்துக்குள் அரசமைப்புச் சட்டத்தைக் கொண்டுவருவதைப் பீங்கான் கடைக்குள் காளை புகுவதற்கு ஒப்பிட்டது. பீங்கானின் அழகைப் பற்றிக் கவலைப்பட்ட அளவுக்கு அதைத் துடைத்து அடுக்கும் கையைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஏறத்தாழ 34 ஆண்டுகள் கழித்து, 2017இல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தபோது, பெண்ணிய விமர்சனத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. அந்தரங்கம் என்ற பெயரில் வீட்டுக்குள் நடக்கும் ஒடுக்குமுறை மறைக்கப்படக் கூடாது என்ற எச்சரிக்கை அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது.

இப்போது மோடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சிறு பெட்டியைப் பார்ப்போம். கணினிப் பாதுகாப்பில் பாலபாடம் ஒன்று உண்டு: இயந்திரத்தைக் கையால் தொடக்கூடியவரிடமிருந்து அதைக் காப்பது கடினம். கழற்றலாம், வட்டை எடுத்து வேறொரு கணினியில் செருகலாம், மின்சாரத்தைத் துண்டிக்கலாம். வீட்டுச் சேவையகத்தைத் தொடக்கூடியவர்கள் வீட்டில் இருப்பவர்கள். பெரும்பாலான வீடுகளில் இணைய இணைப்பு அப்பா, அண்ணன், கணவன் என்று ஓர் ஆணின் பெயரில் இருக்கிறது. ரூட்டரின் கடவுச்சொல் அவரிடம் இருக்கிறது. எந்தக் கருவி எந்தத் தளத்தைத் தேடியது என்ற பதிவை அவரால் பார்க்க முடிகிறது. "நான் செட் பண்ணித் தர்றேன்" என்று அன்போடு முன்வருகிறவரும் அவர்தான். அந்த அன்பு பொய் என்று நான் சொல்லவில்லை. அன்போடு செய்து தரப்பட்ட ஒவ்வொன்றிலும் செய்து தந்தவரிடம் ஒரு சாவி தங்கிவிடுகிறது. உறவு சுமுகமாக இருக்கும்வரை அந்தச் சாவி நினைவுக்கு வராது. உறவு முறியும் நாளில்தான் அது ஆயுதமாகிறது.

அகத்திணையில் இற்செறிப்பு என்று ஒரு துறை உண்டு. தலைவியின் காதல் வெளிப்படத் தொடங்கியதும் அவளைப் புறம் போகவிடாமல் இல்லத்துக்குள் வைத்துக் காப்பது. அதன் மறுமுனையில் இருப்பது உடன்போக்கு, வாசலைத் தாண்டிப் போய்விடுவது. இரண்டையும் அடுத்தடுத்து வகுப்பில் நடத்தும்போது காப்பும் சிறையும் ஒரே கதவின் இரு பக்கங்கள் என்பதை மாணவிகளுக்கு நான் எடுத்துச் சொல்ல நேர்ந்ததில்லை. விடுதி நேரங்களும் கைபேசிச் சோதனைகளும் அவர்களுக்கு அதை முன்பே கற்றுக் கொடுத்துவிடுகின்றன. தகவலை வீட்டுக்குள் வைத்துக் காப்பதே சுதந்திரம் என்று ஒருவர் சொன்னால், யாருடைய காவலில், யாருக்கு எதிரான காவல் என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள்.

சல்மாவின் எழுத்து வாழ்வு தமிழ் வாசகர்கள் அறிந்த ஒன்று. துவரங்குறிச்சி வீட்டில், இரவில், குளியலறையில் நின்றுகொண்டு எழுதிய வரிகள் அவை. எழுதிய தாள்களை வீட்டுக்குள் ஒளித்து வைப்பதே பெரும்பாடு. தாயின் உதவியோடு அவை வெளியே போயின, புனைபெயரில் அச்சாயின. 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' தொகுப்பு 2000இல் வெளிவந்தது. அந்தக் கவிதைகளுக்கு வீடு ஆபத்தான இடமாகவும், முன்பின் அறியாத பதிப்பகத்தின் மேசை பாதுகாப்பான இடமாகவும் இருந்தன. வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் பெண் எழுத்தாளருக்குக் கேட்டது ஆண்டுக்கு 500 பவுண்டு வருமானமும் பூட்டக்கூடிய ஓர் அறையும். அறை மட்டும் போதும் என்று அவர் விட்டுவிடவில்லை. பூட்டை வற்புறுத்தினார். பூட்டு உள்பக்கம் இருந்தால் அது அறை, வெளிப்பக்கம் இருந்தால் வேறு.

வீட்டைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு உழைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டுச் சேவையகம் ஒருமுறை நிறுவிவிட்டு மறந்துவிடக்கூடிய பொருளல்ல. மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். நகலெடுக்க வேண்டும், எடுத்த நகல் திறக்கிறதா என்று அவ்வப்போது சோதிக்க வேண்டும். மின்வெட்டில் அணைந்து எழுந்தால் மெமரி கார்டு பழுதாகக்கூடும் என்பதால் இன்வெர்ட்டர் வேண்டும். இணைய நிறுவனங்கள் பலவும் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்து வைத்திருப்பதால், வெளியூரிலிருந்து நம் வீட்டுப் பெட்டியை எட்டுவதற்கே சுற்றுவழி தேட வேண்டும். மின்னஞ்சல் இன்னும் கடினம். வீட்டு இணைப்பிலிருந்து நேராகக் கிளம்பும் கடிதத்தைப் பெரிய அஞ்சல் நிறுவனங்கள் குப்பை என்றே கருதி ஒதுக்கிவிடும்.

இந்த வேலைகளை ஓய்வுநேரப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அந்த ஓய்வு நேரம் எங்கிருந்து கிடைக்கிறது என்பதுதான் நாம் கேட்க வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் ஒருவர் சேவையகத்தைச் சீர்செய்ய முடிகிறதென்றால், அந்தக் காலையில் அதே வீட்டில் இன்னொருவர் இட்லி ஊற்றிக்கொண்டிருக்கிறார். மிர்லே லேடர்மன் யூக்லிஸ் என்ற அமெரிக்கக் கலைஞர், தாயான பிறகு 1969இல் பராமரிப்புக் கலைக்கான அறிக்கை ஒன்றை எழுதினார். உலகில் வேலை இரண்டு வகை: புதியதை உருவாக்குவது ஒன்று, உருவானதைத் துடைத்து, கழுவி, காப்பாற்றி வைத்திருப்பது இன்னொன்று. முதலாவதற்குப் புகழ், இரண்டாவதற்குக் குறைந்த கூலி அல்லது கூலியே இல்லை. பத்தாண்டுகளுக்குப் பிறகு அவர் நியூயார்க் நகரத்தின் சுமார் 8500 துப்புரவுத் தொழிலாளர்களின் கைகளை ஒவ்வொன்றாகக் குலுக்கி நன்றி சொன்னார். அதுவே அவருடைய கலைப்படைப்பு. அவருடைய பிரிவினையை வைத்துப் பார்த்தால், வீட்டில் சேவையகம் நிறுவுவது உருவாக்கம். அதைப் பத்தாண்டு ஓடவைப்பது பராமரிப்பு. ஏற்கெனவே ஒரு வீட்டைப் பராமரித்துக்கொண்டிருப்பவரிடம் இதையும் பராமரித்தால்தான் நீ சுதந்திரமானவள் என்று சொல்வதில் நியாயமில்லை. "எனக்கு நேரமில்லை" என்று சொல்லி வெளியே மாற்றிக்கொள்ளும் பெண் கொள்கையை விற்கவில்லை. தன் உழைப்புக்கு விலை இருக்கிறது என்று சொல்கிறாள்.

இதை இங்கேயே நிறுத்திக்கொண்டால் வசதியாக இருக்கும். ஆனால் நாம் கைவிட்ட வேலை மறைந்துவிடுவதில்லை, வேறொருவர் கைக்குப் போகிறது. படித்த நடுத்தர வர்க்கப் பெண் வேலைக்குப் போக, அவள் வீட்டுப் பாத்திரங்களை இன்னொரு பெண் கழுவுகிறாள் என்பதைப் பெண்ணியம் பேசாமல் விட்ட காலம் ஒன்று இருந்தது. தலித் பெண்ணியம் அந்த மௌனத்தை உடைத்தது. 'மேகம்' என்ற சொல்லும் அப்படியொரு மௌனத்தைக் கொண்டது. மேகத்துக்கு எடையில்லை, வியர்வை இல்லை. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் இருக்கும் தரவு மையங்களுக்கு எடை உண்டு. அங்கே இரவுக் காவலர் இருக்கிறார், தரையைத் துடைப்பவர் இருக்கிறார், வட்டு பழுதானால் நள்ளிரவில் மாற்றும் பணியாளர் இருக்கிறார். கட்டடம் சூடாகாமல் இருக்க ஏராளமான மின்சாரம் வேண்டும், பல மையங்களுக்குத் தண்ணீரும் வேண்டும். 2019 கோடையில் குடங்களோடு வரிசையில் நின்ற சென்னைக்குத் தண்ணீர்க் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாடகை கொடுக்கிறோம் என்பதால் இந்தக் கடன் தீர்ந்துவிடாது. குறைந்தபட்சம் அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற நினைவோடு கொடுக்கலாம்.

வெளியிலும் உரிமையாளர் உண்டு. வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சேவையகத்தை நடத்தும் நிறுவனம், தான் விரும்பினால் அதன் உள்ளே பார்க்கக்கூடிய நிலையிலேயே பொதுவாக இருக்கிறது. சட்டமும் அதன் கதவைத் தட்டும். இந்தியக் கணினி அவசர நடவடிக்கைக் குழு 2022 ஏப்ரலில் பிறப்பித்த நெறிமுறைகள், இத்தகைய சேவையகங்களை வாடகைக்கு விடும் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் சரிபார்க்கப்பட்ட பெயரையும் முகவரியையும் தொடர்பு எண்ணையும் பதிவுசெய்து, அவர் விலகிய பிறகும் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கின்றன. புனைபெயரில் எழுதும் பெண்ணுக்கு இது சிறிய செய்தியல்ல. கணவனிடமிருந்து மறைத்த பெயர் ஒரு நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறது. எந்த நோக்கத்துக்காக யார் அதைக் கேட்பார்கள் என்பது அவள் கையில் இல்லை. மோக்லனின் அச்சம் இந்த இடத்தில் நியாயமாகிறது.

அப்படியானால் வீடே மேல் என்று திரும்பிவிடலாமா? எதிர்முனையிலிருந்து ஒரு புகழ்பெற்ற வழக்கு இருக்கிறது. 2009 முதல் 2013 வரை அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஹிலாரி கிளின்டன் தன் அலுவல் கடிதங்களுக்கு அரசின் முகவரியை விடுத்து, நியூயார்க் மாநிலத்தில் சப்பாக்குவா என்ற ஊரில் உள்ள தம் வீட்டில் வைத்த சேவையகத்தைப் பயன்படுத்தினார். பதவி முடிந்த 2013இல் அந்த ஏற்பாடு ஒரு தனியார் நிறுவனத்தின் பொறுப்பில் நியூஜெர்சியில் உள்ள தரவு மையத்துக்கு மாற்றப்பட்டது. 2015 மார்ச்சில் செய்தி வெளியானது. ஏறத்தாழ 30,000 கடிதங்கள் அரசிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தன. அதைவிடச் சற்று அதிகமானவை சொந்தக் கடிதங்கள் என்று அவர் தரப்பாலேயே பிரிக்கப்பட்டு அழிக்கப்பட்டிருந்தன. மகளின் திருமண ஏற்பாடும் தாயின் இறுதிச் சடங்கும் அவற்றில் அடக்கம் என்றார் அவர். வழக்குத் தொடரத் தேவையில்லை, ஆனால் மிகுந்த கவனக்குறைவு என்று 2016இல் புலனாய்வு அமைப்பின் தலைவர் சொன்னார். அந்த விவகாரத்தில் அவர்மீது பாய்ந்த வசைகளில் பெண்வெறுப்பு நிரம்பி வழிந்தது. அதைக் கண்டிப்பது ஒன்று, அடிப்படைக் கேள்வியை மறைப்பது வேறொன்று. மக்கள் பார்வைக்கு உரியது எது, எனக்கு மட்டும் உரியது எது என்று பிரிக்கும் கோலை அதிகாரத்தில் இருப்பவரே தன் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாமா? கூடாது. துவரங்குறிச்சிக் குளியலறைக்கும் சப்பாக்குவா வீட்டுக்கும் உள்ள தூரம் இதுதான். முதலாவதில் வீட்டின் அதிகாரம் எழுதுகிறவளுக்கு எதிராக இருந்தது. இரண்டாவதில் எழுதுகிறவரே அதிகாரமாக இருந்தார். வீடு எப்போதும் வீட்டை ஆள்பவரைத்தான் காக்கிறது. அதனால் உள்ளே, வெளியே என்ற இடக் கணக்கு அறக்கேள்விக்கு விடை தராது.

இடத்துக்குப் பதிலாக மூன்றைக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். சாவி யாரிடம்? பெயர் யாருடையது? புறப்பட வேண்டி வந்தால் கையோடு எது வரும்?

முதலாவது சாவி. கோப்புகளை நம் கணினியிலேயே மறையாக்கம் செய்து பூட்டிய பிறகு வெளியே அனுப்பும் வழிகள் உள்ளன. அப்போது வாடகைக்கு விட்டவருக்குப் பெட்டி தெரியும், உள்ளிருப்பது தெரியாது. அந்தப் பூட்டின் கடவுச்சொல்லைத் தொலைத்தால் நாமும் திறக்க முடியாது. சுதந்திரத்தின் விலை அது. ஆனால் சாவி என்பது கடவுச்சொல்லோடு முடிவதில்லை. வாடகை செலுத்தும் வங்கி அட்டை யாருடையது? ஓடிபி எந்தக் கைபேசிக்கு வருகிறது? மறந்துபோனால் மீட்பதற்கென்று கொடுத்த மின்னஞ்சல் முகவரி யாருடையது? கணவனின் எண்ணுக்கு ஓடிபி போகிறதென்றால், சேவையகம் ஜெர்மனியில் இருந்தாலும் அது அவருடைய வரவேற்பறையில்தான் இருக்கிறது. தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, தன் பெயரில் ஒரு சிம் என்பவை நம் ஊரில் எத்தனை பெண்களுக்கு இன்னும் கேட்டுப் பெற வேண்டியவையாக இருக்கின்றன என்பதை எண்ணினால், வுல்ஃபின் 500 பவுண்டு பழைய கதையாகத் தெரியாது.

இரண்டாவது பெயர். இணையத்தில் சேவையகம் வேறு, அதைக் குறிக்கும் களப்பெயர் வேறு. பெயரை ஆண்டுக் கட்டணம் செலுத்தி நாமே பதிவுசெய்து வைத்திருந்தால், இயந்திரத்தை எங்கே மாற்றினாலும் முகவரி மாறாது. மாற்றும் முறையும் அழகானது. சில நாட்களுக்கு முன்பே, பழைய இடத்தை நெடுநேரம் நினைவில் வைக்க வேண்டாம் என்று இணையத்தின் பெயரேட்டுக்குச் சொல்லிவிட வேண்டும். பிறகு எல்லாவற்றையும் புது இடத்தில் நகலெடுத்து, பெயரைப் புது இடத்தை நோக்கித் திருப்ப வேண்டும். தாமதமாக வரும் கடிதங்களுக்காகப் பழைய இடத்தையும் கொஞ்ச நாள் அணைக்காமல் வைத்திருக்க வேண்டும். இடம் மாறியது கடிதம் எழுதுகிறவருக்குத் தெரியவே தெரியாது. பெண்களாகிய நமக்கு இந்த வசதி ஒருபோதும் இருந்ததில்லை. வீடு மாறும்போது நம் பெயரும் மாறியது. தகப்பன் பெயரின் முதலெழுத்து போய்க் கணவன் பெயரின் முதலெழுத்து வந்தது. மாற்ற மறுத்தவர்கள் ஒவ்வோர் அலுவலகச் சன்னலிலும் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. ஓர் இயந்திரத்துக்குக் கிடைத்திருக்கும் இந்த ஏற்பாட்டை, இடம் மாறினாலும் பெயர் தன்னிடமே இருப்பதை, நாம் குறைந்தபட்ச உரிமையாகக் கேட்கலாம்.

மூன்றாவது புறப்பாடு. எந்த இடத்தில் வைத்திருந்தாலும் முழுமையான நகல் ஒன்று, வேறு இடத்தில் திறக்கக்கூடிய வடிவத்தில், நம் கையில் இருக்க வேண்டும். கட்டணம் உயர்ந்தாலும், நிறுவனம் மூடினாலும், உறவு முறிந்தாலும் எடுத்துக்கொண்டு கிளம்ப முடிய வேண்டும். வீட்டுப் பெட்டியானாலும் வாடகைப் பெட்டியானாலும் இந்தச் சோதனை ஒன்றுதான்.

பெண்ணுக்குப் பிறந்த வீடு உண்டு, புகுந்த வீடு உண்டு. சொந்த வீடு என்ற சொல் அவளுக்குப் பெரும்பாலும் உறவுமுறையாக இருந்ததே தவிரப் பத்திரமாக இருந்ததில்லை. குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தரும் சட்டத்திருத்தம் தமிழ்நாட்டில் 1989இல்தான் வந்தது, நாடு முழுவதற்கும் 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வந்த பிறகும் அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடும் மகள்களை நாம் அறிவோம். தன் பெயரில், தன் பணத்தில், தன் கையெழுத்தோடு ஒரு வாடகை வீட்டை எடுக்கும் பெண் உடைமை இல்லாதவள் என்று இரங்கத்தக்கவள் அல்ல. பலருக்கு அதுவே ஒப்பந்தத்தின் ஒரு தரப்பாகத் தான் நின்ற முதல் வீடு. அங்கே வாடகை ஏறும், உரிமையாளர் முகம் சுளிப்பார், விதிகள் இருக்கும். ஆனால் விதிகள் தாளில் எழுதப்பட்டிருக்கும்; ஒரு மாத முன்னறிவிப்பில் அவளும் விலகலாம். எழுதப்படாத விதிகளோடு, விலக வழியின்றி, அன்பின் பெயரால் நடக்கும் வீட்டைவிட அது தாழ்ந்தது என்று சொல்லத் தயங்குகிறேன். தன் கடிதங்களையும் கவிதைகளையும் மோடத்தின் பக்கத்திலிருந்து வெளியே மாற்றுகிற பெண் அதற்காக யாரிடமும் தலைகுனிய வேண்டியதில்லை. மாற்றி முடித்த பிறகு அவள் சரிபார்க்க வேண்டியது ஓடிபி எந்த எண்ணுக்கு வருகிறது என்பதை.